பயிலுநரும் பல்மானியும்

கணினியும் இலத்திரனியலும் கல்லூரியிற் பயிலும் மாணவர் பலர் இறுதியிற் சில மாதங்களைப் பட்டறையொன்றிற் பயிலுநராகக் கழிக்கின்றனர். சான்றிதழுக்கு நாட்கணக்குப் போதும். பயிற்சி முற்றியதோ என அறியவேண்டின், "பழுது யாது? எவ்வாறு அறிந்தாய்?" என்னும் வினாக்களுக்கு அவர்தம் குறிப்பேட்டில் விடை உளதா என நோக்குக.

இயங்காத மேசைக் கணினியொன்று வருகின்றது என்க. உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர் பலர், அது சூதாட்டமேயாம். வழக்கமான வலு வழங்கியாயின், அதன் ஊதா நிறக் கம்பியை முதலில் அளக்க. கணினியை இயக்காதபோதும், சுவர் மின்னிணைப்பு உள்ளவரை அங்கு 5 வோல்ற்று நிற்றல் வேண்டும். அஃதில்லையேல் தாய்ப்பலகையைக் குறைகூறற்க. உளதாயின், இயக்கிய பின் 12, 5, 3.3 வோல்ற்று வழிகளை அளக்க. நூற்றுக்கு ஐந்து வீத ஏற்றத்தாழ்வு பொறுக்கத்தக்கது. 5 வோல்ற்று வழி 4.75 இற்குக் கீழிறங்கின் ஐயுறுக.

வலு வழங்கியின் மூடியைத் திறத்தல் வேறு காரியம். 230 வோல்ற்று ஆடலோட்டம் சீராக்கப்பட்டதும், உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று நிற்கும் (230 ஐ 2 இன் வர்க்கமூலத்தாற் பெருக்கிப் பார்க்க). வலுக்காரணியைத் திருத்தும் சுற்றுள்ளவற்றில் அதனினுங் கூடும். செருகியைக் கழற்றிய பின்னரும் அம்மின்னேற்றம் உடனே நீங்குவதில்லை. அது உயிரையும் போக்கவல்லது. மேற்பார்வையாளர் அருகில்லாதபோது பயிலுநர் அதனைத் தொடலாகாது.

குறிப்பேட்டை அன்றன்றே எழுதுக. "கணினி திருத்தப்பட்டது" என்னும் ஒற்றைவரியாற் பயனில்லை. அளந்த இடம், பல்மானி காட்டிய எண், மாற்றிய உறுப்பு, மாற்றியபின் காட்டிய எண் ஆகியன வேண்டும். கையொப்பத்துக்காக ஒரே இரவில் நிரப்பிய ஏட்டைத் தேர்வாளர் மையின் நிறத்திலேயே கண்டுகொள்வர்.