ரேடியேட்டரை மாற்றும் முன் காற்றின் வழியைப் பாருங்கள்

மாடிஃபை செய்த வண்டி ஹீட் ஆகிறது என்றால், எப்போது ஆகிறது என்று முதலில் கவனியுங்கள். சிக்னலிலும் மலை ஏற்றத்திலும் டெம்பரேச்சர் முள் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் பேன் பக்கம்தான் கோளாறு. நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாதது. இந்த ஒரு கேள்வியை என் எஸ்டீமுக்கு டர்போ மாட்டிய பட்டறையில் யாரும் கேட்கவில்லை. அதற்கான விலையை நான் கொடுத்தேன்.

டர்போ, இன்டர்கூலர், ட்யூனிங் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. கெடுத்தது வேறு. இன்டர்கூலர் பைப்புக்கு இடம் போதவில்லை என்று ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்த ஷ்ரவுடை, அதாவது பேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை, கழற்றிப் போட்டுவிட்டார்கள். மெலிசான பேன் ஒன்றை ரேடியேட்டர் மேலேயே பிளாஸ்டிக் டை குத்திக் கட்டினார்கள். ஷ்ரவுட் இல்லாத பேன், தன் வட்டத்துக்கு நேர் எதிரே உள்ள காற்றை மட்டும்தான் இழுக்கும். மூலைகளில் காற்று அசையாது. காசு கொடுத்து வாங்கிய ரேடியேட்டரில் பெரும்பகுதி சும்மா நிற்கும்.

60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பேனுக்கு வேலையே இல்லை, எதிர்க்காற்றே போதும். அதனால்தான் அவர்கள் அவினாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. கோவையிலிருந்து ஆழியாறு வரை எனக்கும் தெரியவில்லை. வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியர், நல்ல பூஸ்ட், வேகமோ 30. எஞ்சின் வெப்பத்தைக் கொட்டுகிறது, கிரில் வழியாகக் காற்று வருவதில்லை. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ வருவதற்குள் முள் மேலே போய், சட்டென்று கீழே விழுந்தது. "ஆறிடுச்சுடா" என்றான் பக்கத்திலிருந்த நண்பன். ஆறவில்லை. கூலன்ட் கொதித்து வெளியேறிவிட்டது. சென்சார் வெறும் ஆவியில் நின்றது. தண்ணீரில் மூழ்காத சென்சார் காட்டும் கணக்கு பொய்க்கணக்கு. நான் அந்த நொடியே சாவியைத் திருப்பியதால் பிளாக் தப்பியது. ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கெட் போய்விட்டது.

ஹெட் ஃபேசிங், புது கேஸ்கெட், புது ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் வழக்கமான வேலைகள், அதை விடுங்கள். "டர்போ போட்டா ஹீட் ஆகத்தானுங்க செய்யும்" என்று சொல்லி அந்தப் பட்டறை கொடுத்த இரண்டு வைத்தியங்களைச் சொல்லியாக வேண்டும், உங்களுக்கும் அதையே சொல்வார்கள்.

முதலாவது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. பைபாஸ் உள்ள எஞ்சினில் அந்த வால்வைக் கழற்றினால், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் சரியாகச் சூடேறாமல், ஈ.சி.யூ. பெட்ரோலை அதிகமாக ஊற்றும். கம்பெனி அளவில் நல்ல தெர்மோஸ்டாட் போடுங்கள்.

இரண்டாவது, பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்குவது. நின்றிருக்கும்போது சூடான காற்று அந்த இடுக்கில் வெளியேறும், உண்மைதான். ஆனால் ஓடும்போது கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம். அங்கே காற்று வெளியே வராது, உள்ளே புகும். ரேடியேட்டரைத் தாண்டி வர வேண்டிய காற்றை அது எதிர்த்துத் தள்ளும். பானெட் மேல் கம்பளி நூல் துண்டுகளை டேப்பால் ஒட்டி, ஓட்டும்போது போனில் படம் பிடித்துப் பார்த்தேன். பின்விளிம்பில் இருந்த நூல்கள் இடுக்குக்குள்தான் இழுபட்டன. துளை வெட்டுவதானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பகுதியில் வெட்டுங்கள்.

நான் செய்தது இதுதான். அலுமினியத் தகட்டில் ரேடியேட்டரின் முழு அளவுக்கும் ஷ்ரவுட் அடித்து, அதில் பேனைப் பொருத்தினேன். ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடைவெளிகளை ஃபோம் வைத்து அடைத்தேன். கிரில்லில் நுழையும் காற்று சந்துபொந்தில் ஓடாமல் ரேடியேட்டர் கோர் வழியாகத்தான் போக வேண்டும். பட்டறையில் கழற்றி வீசியிருந்த, எஞ்சினுக்குக் கீழே வரும் அடித்தட்டைத் திரும்ப மாட்டினேன். ஃபோமைப் பார்த்து நண்பர்கள் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு, பழைய அளவு ரேடியேட்டரோடே, ஏப்ரல் வெயிலில் அதே மலையை ஏ.சி. போட்டுக்கொண்டு ஏறினேன்.

மற்றவை சுருக்கமாக. ரேடியேட்டர் மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்: 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியில் 100-லேயே கொதிக்கும். நம் ஊரில் உறைபனிக் கவலை இல்லை. கூலன்ட் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு போதும், வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே மேல். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரானாலும் வேண்டாம்.

டர்போவுக்குள் போகும் புகை 800 டிகிரியைத் தாண்டும். அதற்கு டர்போ பிளாங்கெட்டும், சற்று இடைவெளி விட்ட தகட்டு ஷீல்டும் போடுங்கள். ஆயில் கசியும் எஞ்சினில் ஹீட் ராப் சுற்றாதீர்கள், ஆயிலில் ஊறிய ராப் தீப்பிடிக்கும். ஏர் ஃபில்டரை பானெட்டுக்குள் திறந்து விடாதீர்கள். 35 டிகிரி காற்றைவிட 60 டிகிரி காற்றின் அடர்த்தி ஏழெட்டு சதவீதம் குறைவு, பவரும் அந்த அளவுக்குப் போகும்.

டர்போ வேலைக்கு வண்டியை விடும் முன் பட்டறையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஷ்ரவுட் கோர் முழுவதையும் மூடுமா? உள்ளே வரும் காற்று எந்த வழியாக வெளியேறும்? கூலன்ட் குறைந்தால் எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதற்கு "மீட்டரைப் பாருங்க" என்பது பதில் அல்ல. கூலன்ட் மட்டம் குறைந்தால் எரியும் விளக்கு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் நேர்ரோட்டில் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஏ.சி. போட்டு, மெதுவாக ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள்.