புனோம் பென்னுக்குப் புறப்படும் தம்பிக்கு



கம்போடிய தேசத்தின் தலைநகரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பயிற்சி நிருபராக உனக்கு இடம் கிடைத்ததென்று அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். செய்தி எழுதும் முறையை அங்குள்ள ஆசிரியர்கள் உனக்குப் போதிப்பார்கள். உன் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகும் உள்நாட்டவரான கெமர் நிருபரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

1993-இல் பெர்னார்ட் கிரிஷர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் புனோம் பென்னில் தொடங்கிய 'கம்போடியா டெய்லி'யில், அந்நிய தேசத்து இளைஞரும் உள்நாட்டு நிருபரும் கூடிச் செய்தி திரட்டி, இருவர் பெயரோடும் அதை வெளியிடுவது சகஜமாக இருந்தது. அரசாங்கம் சுமார் 63 லட்சம் டாலர் வரிபாக்கி என்று நெருக்கியதன் பேரில் 2017 செப்டம்பர் 4-ஆம் தேதியோடு அப்பத்திரிகை நின்று போயிற்று. அவ்வாண்டிலேயே, ரத்தனகிரி மாகாணத்துக் கிராமத்தாரிடம் தேர்தலைப் பற்றி விசாரித்ததற்காக அதன் நிருபர் இருவர் மீது, ஒருவர் அந்நியர், மற்றவர் கெமர், வழக்குப் போடப்பட்டது. குற்றச்சாட்டு ஒன்றேயாயினும், பிறந்த மண்ணைத் துறந்து ஓட வேண்டி வந்தது கெமர் நிருபருக்குத்தான்.

ஆகையால், எவ்வளவு அருமையான செய்தி கைக்கு வந்தாலும், அதை அச்சுக்கு அனுப்புமுன், அதில் எந்த வாக்கியம் யாருக்கு ஆபத்தை உண்டாக்கும் என்று உன் பக்கத்து நாற்காலிக் கெமர் நிருபரிடம் கேள். தம் பெயர் வேண்டாமென்று அவர் சொன்னால் காரணம் கேட்டு வற்புறுத்தாதே. வேண்டுமென்றால், அவர் பெயரை உன் பெயருக்கு முன்னால் போடும்படி ஆசிரியரிடம் நீயே சொல்.

கெமர் பாஷையையும் கற்றுக்கொள். கெமர் எழுத்து நம் பல்லவர் எழுத்தின் வழி வந்ததாகையால், மெய்யைச் சுற்றி உயிர்க்குறி ஏறும் முறை உனக்குப் புதிதாக இராது. எண்களில் மாத்திரம் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். ஆறு முதல் ஒன்பது வரை ஐந்தோடு சேர்த்தே சொல்வார்கள். மூன்று 'பெய்', எட்டு 'ப்ராம் பெய்'. மோட்டார் சைக்கிள் இரைச்சலில் முன்பாதி காதில் விழாமற் போனால், ஒரு குடியானவர் பறிகொடுத்த எட்டு ஹெக்டேர் நிலம் உன் பத்திரிகையில் மூன்றாகச் சுருங்கிவிடும். கேட்ட எண்ணைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, சொன்னவர் கண்ணெதிரே நீட்டி, அவர் தலையசைத்த பிறகே அடுத்த கேள்விக்குப் போ.

பயிற்சி முடிந்து திரும்புகையில், பாதியில் நின்ற செய்திகளின் குறிப்புகளையெல்லாம் அந்தக் கெமர் நிருபரிடம் ஒப்படைத்துவிட்டு வா. அங்கே இருந்து அவற்றைத் தொடரப் போகிறவர் அவரே.