ஒரு சோளமணிக்கு எத்தனை பைசா? தொடர் வைப்பைக் கணக்கு வகுப்பில் கற்பித்தல்

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் இயலில் கூட்டு வட்டியை முடித்த மறுநாள், ஒரு மாணவி தன் நோட்டில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாய் தொடர் வைப்பு தொடங்கியிருக்கிறார். ஐந்து ஆண்டு, வட்டி 6.7 விழுக்காடு. முடிவில் 7,136 ரூபாய் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். "சார், மொத்தம் கட்டுறது 6,000. அதுக்கு 6.7 விழுக்காடு, அஞ்சு வருஷம்னா 2,010 ரூபாய் வட்டி வரணும். 1,136 தான் வருதாம். மீதி எங்க சார் போச்சு?"

அவள் போட்ட பெருக்கலில் பிழை இல்லை. ஏழாம் வகுப்பில் தனிவட்டிக்கு நாம் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தைத்தான் அப்படியே போட்டிருந்தாள். பாடநூல் கணக்குகளில் அசல் முழுவதும் முதல் நாளே உள்ளே போய்விடுகிறது. வீட்டிலோ அது மாதாமாதம் நூறு நூறாகப் போகிறது. இந்த வேறுபாட்டை நாம் வகுப்பில் சொல்வதே இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுக்கு வீடு கிடைக்கும் கற்பித்தல் கருவி மக்காச்சோளம். இரண்டு கை அளவு மணிகள் போதும். பன்னிரண்டு மாணவர்களை அழைத்து ஆளுக்கொரு 100 ரூபாய்ச் சீட்டைக் கொடுங்கள். முதல் மாதம் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் கையில் ஒரு மணி. இரண்டாம் மாதம் இன்னொருவர் சேர்கிறார். நிற்கும் இருவருக்கும் ஒவ்வொரு மணி. இப்படியே பன்னிரண்டாம் மாதம் வரை. முடிவில் முதல் மாணவரிடம் 12 மணி, கடைசி மாணவரிடம் 1 மணி. எல்லாவற்றையும் எண்ணினால் 78. எண்ணாமலே சொல்ல முடியுமா என்று கேட்டால், முதல்வரையும் கடைசியானவரையும் சோடி சேர்த்து 13 × 6 என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இதே நடவடிக்கை உதவும்.

ஒரு மணி என்பது 100 ரூபாய் ஒரு மாதம் உள்ளே இருந்ததற்கான கூலி. 6.7 விழுக்காட்டில் ஆண்டுக்கு 6.70 ரூபாய் என்றால், ஒரு மணியின் விலை 55.8 பைசா. ஓராண்டின் 78 மணிக்கு 43 ரூபாய் 55 பைசா. ஐந்தாண்டுக்கு 60 × 61 ÷ 2 = 1,830 மணி; அதன் விலை ஏறத்தாழ 1,022 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்வதால் மேலும் 115 ரூபாய் அளவு கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 1,136. பணம் எங்கும் போகவில்லை. கடைசியாகக் கட்டிய நூறு ரூபாய் ஒரே ஒரு மாதம்தான் உள்ளே இருந்தது.

மணிக்கு விலை தெரிந்துவிட்டால் பிற கேள்விகளை மாணவர்களே எழுப்புவார்கள். என் வகுப்பில் முதலில் வந்தது: "500 ரூபாய்க்கு ஒரே கணக்கு நல்லதா, 100 ரூபாயில் அஞ்சு கணக்கு நல்லதா?" அஞ்சலகத்தில் எத்தனை தொடர் வைப்புக் கணக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். பத்து வயது நிறைந்தவர்கள் தம் பெயரிலேயே தொடங்கலாம். குறைந்தது மாதம் 100 ரூபாய். மணிகளை எண்ணிப் பார்த்தால் வட்டியில் வேறுபாடு இல்லை. ஆனால் மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். ஒரு மணியின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! தொடர்ந்து நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். உயிர்ப்பிக்க இரண்டு மாதம்தான் அவகாசம். கையில் 300 ரூபாய் மட்டுமே இருக்கும் மாதத்தில் 500 ரூபாய்க் கணக்கில் அதைக் கட்ட முடியாது. ஐந்து கணக்கு இருந்தால் மூன்றையாவது காப்பாற்றலாம்.

வட்டி வீதம் மாறும்போதும் பல கணக்கின் பயன் தெரியும். 2023 மார்ச் வரை அஞ்சலகத் தொடர் வைப்புக்கு 5.8 விழுக்காடு. அந்த ஆண்டு ஏப்ரலில் 6.2, ஜூலையில் 6.5, அக்டோபரில் 6.7. தொடங்கிய நாளின் வீதமே ஐந்தாண்டுக்கும் நிற்கும். எனவே ஒரே தெருவில் நான்கு வீட்டுக்கு நான்கு வீதம் இருக்கக்கூடும். பழையதை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்கலாமே என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். மூன்றாண்டு முடியும் முன் மூட முடியாது. அதன் பிறகும் முதிர்வுக்கு ஒரு நாள் முன்னதாக மூடினால்கூட, சேமிப்புக் கணக்கின் 4 விழுக்காடுதான் கிடைக்கும். அதாவது எல்லா மணிகளின் விலையும் 33.3 பைசாவாக இறங்கிவிடும். பழையது ஓடட்டும்; கூடுதலாகச் சேமிப்பதைப் புதுக் கணக்கில் போடட்டும்.

மூடுவதா, கடன் வாங்குவதா என்பது என் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஐந்து நூறு ரூபாய்க் கணக்குகள் நான்கு ஆண்டு ஓடிவிட்டன. திடீரென்று 10,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கணக்கிலும் 48 × 49 ÷ 2 = 1,176 மணி. இரண்டு கணக்கை மூடினால் அந்த மணிகள் ஒவ்வொன்றிலும் 22.5 பைசா இழப்பு. மொத்தம் 529 ரூபாய். கடன் என்றால், பன்னிரண்டு தவணை கட்டிய பின் இருப்பில் பாதி வரை கிடைக்கும். வட்டி, வைப்பு வட்டியைவிட 2 விழுக்காடு அதிகம், அதாவது 8.7. பத்தாயிரம் ரூபாய் ஓராண்டுக்கு 1,200 மணி, மணிக்கு 72.5 பைசா, ஆக 870 ரூபாய். 870 பெரிது, 529 சிறிது என்று வகுப்பே முடிவு கட்டிவிட்டது. பின்வரிசையில் ஒரு மாணவன் மட்டும், "உடைக்காம வெச்ச பணத்துக்கு வட்டி வந்துக்கிட்டே இருக்குமே சார்" என்றான். அதுதான் திறவுகோல். கொடுப்பது 72.5, வருவது 55.8, உண்மையில் கைவிட்டுப் போவது மணிக்கு 16.7 பைசா. 1,200 மணிக்கு 200 ரூபாய். (வட்டிக்கு வட்டியை இங்கே விட்டுவிட்டோம், சேர்த்தாலும் முடிவு மாறாது.)

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுக் கணக்குப் புத்தகங்களை வகுப்பில் சுற்றுக்கு விட வேண்டாம். யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது பாடம் இல்லை. எல்லாரும் கற்பனை எண்களிலேயே கணக்கிடட்டும்.

தீபாவளிச் சீட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், தவிர்க்காதீர்கள். மாதம் 500 கட்டி ஆண்டு முடிவில் 6,500 தருவதாக ஒருவர் சொன்னால், பார்வைக்கு அது 8 விழுக்காடு போலத் தெரியும். மணி எண்ணிப் பார்த்தால் 15 விழுக்காட்டுக்கு மேல். அவ்வளவு வட்டி கொடுக்க அவருக்கு எங்கிருந்து வருகிறது, தராவிட்டால் யாரிடம் கேட்பது என்ற கேள்விகளுக்குச் சோளமணியிடம் விடை இல்லை. அஞ்சலக வைப்புக்கு மத்திய அரசு பொறுப்பு.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, சின்ன வெங்காயம் பயிரிடும் வீட்டுப் பையன் கேட்டது. அறுவடையில் மொத்தமாகப் பணம் வரும், மாதாமாதம் வராது. அப்படியானால் என்ன செய்வது? தவணைகளை முன்கூட்டியே கட்டலாம். நடப்பு மாதத்தையும் சேர்த்து 6 தவணைக்கு, 100 ரூபாய்க்கு 10 ரூபாய் தள்ளுபடி. 12 தவணைக்கு 40 ரூபாய். ஆறு தவணை முன்பணத்தில் 5 + 4 + 3 + 2 + 1 = 15 மணி, மணிக்கு 66.7 பைசா. பன்னிரண்டில் 66 மணி, மணிக்கு 60.6 பைசா. இரண்டுமே சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்து மாதாமாதம் எடுத்துக் கட்டுவதைவிட மேல். அந்தக் கணக்கிலோ 10-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 11-ஆம் தேதி போட்டால் அந்த மாத மணி இல்லை.

"அப்ப ஆறு ஆறாக் கட்டுறதுதானே சார் லாபம்? 66.7 தானே பெருசு?" என்றான். கரும்பலகைக்கு வந்து அவனே போட்டான். முதல் ஆறுக்கு 10, அடுத்த ஆறுக்கு 10, நடுவில் 600 ரூபாய் ஆறு மாதம் சேமிப்புக் கணக்கில் இருந்ததற்கு 36 மணி, 12 ரூபாய். மொத்தம் 32. ஒரே தடவையில் கட்டினால் 40. எழுதியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "வெங்காயம் நல்ல விலைக்குப் போனா அப்பாகிட்ட பன்னெண்டாவே கட்டச் சொல்றேன்" என்றான்.