காரைத் துடைக்க எந்தத் துணி?

காலை வெயிலில் நிற்கும் கறுப்பு நிறக் கார் ஒன்றைச் சாய்வாகப் பாருங்கள். அதில் தெரியும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரிகின்றனவா? கல்லெறிந்து யாரும் இவற்றை உண்டாக்கவில்லை. காரைச் சுத்தமாக வைத்திருக்க விரும்பி, தினமும் அக்கறையோடு துடைத்தவர் கையாலேயே இவற்றுள் பெரும்பாலானவை உண்டாயின!

இன்றைய கார்களில் வண்ணப் பூச்சின் மேல் நிறமற்ற காப்புப் பூச்சு ஒன்று உண்டு. இதன் தடிப்பு சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் நோட்டுப் புத்தகத் தாளின் தடிப்பில் ஏறத்தாழப் பாதி எனலாம். கீறலைப் போக்கப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் இந்தப் பூச்சே சிறிது தேய்கிறது. தேய்ந்தது மீண்டும் வளராது.

அப்படியானால் துடைக்காமலே உலர விடலாமே என்று கேட்பீர்கள். நீர் ஆவியாகும், அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஆவியாகா. அவை வெண்புள்ளிகளாகப் படிந்துவிடும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்படலமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எனவே நீரை எடுத்தாக வேண்டும். ஆனால் தேய்க்கக் கூடாது. இதற்கு எந்தத் துணி ஏற்றது?

செய்து பாருங்கள்

2 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள மூன்று துணிப் பட்டைகள் தேவை. முதலாவது, பலமுறை துவைத்த பழைய பருத்தித் துணி. இரண்டாவது, கடையில் வாங்கிய, துவைக்காத கோராத் துணி. மூன்றாவது, முதலாவதைப் போன்ற பழைய துணிதான். ஆனால் அதில் சிறிது தேங்காய் எண்ணெயைத் தடவுங்கள். மூன்றையும் ஒரு கம்பியில் தொங்கவிட்டு, அடிநுனிகள் மட்டும் மை கலந்த நீரில் அமிழும்படி செய்யுங்கள். 5 நிமிடம் கழித்து நீர் ஏறிய உயரங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டையில் நீர் விரைந்து ஏறியிருக்கும். இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் தந்துகிக் குழாய்களைப் போலச் செயல்படுகின்றன. குழாய் குறுகக் குறுக நீர் உயரமாக ஏறும். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் சுமார் 3 செ.மீ. ஏறும் நீர், 0.1 மி.மீ. குழாயில் சுமார் 30 செ.மீ. ஏறும். ஆனால் நீர் இழையோடு ஒட்ட வேண்டும். கோராத் துணியில் பஞ்சின் இயற்கை மெழுகும் கஞ்சியும் தடுக்கின்றன. மூன்றாவதில் எண்ணெய் தடுக்கிறது.

நுண்ணிழைத் துணி

இந்தத் தத்துவத்தை நன்கு பயன்படுத்துவது மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணி. இது பெரும்பாலும் பாலியெஸ்டரும் நைலான் இனத்து இழையும் சேர்ந்தது. 9,000 மீட்டர் நீளமுள்ள ஓர் இழை 1 கிராம் எடை இருந்தால் அதை 1 டெனியர் என்பார்கள். நுண்ணிழை அதற்கும் மெல்லியது. இழைகள் மெல்லியவை என்பதால் சந்துகளும் குறுகியவை. அவற்றின் எண்ணிக்கையும் அதிகம். அத்துடன் பூப்போன்ற அதன் மேற்பரப்பில் தூசி உள்ளே புதைந்துகொள்ளும்.

மணல்தான் பகைவன்

மணலில் உள்ள குவார்ட்சின் கடினத்தன்மை மோ அளவுகோலில் 7. கண்ணாடிக்குச் சுமார் 5.5. கார்ப் பூச்சோ அதைவிட மென்மையானது. எனவே துணி எவ்வளவு உயர்ந்ததானாலும், அதில் ஒரு மணல் துகள் சிக்கினால் அது துணியன்று, உப்புத்தாள்!

முதலில் தாராளமாக நீர் ஊற்றி மணலைக் கழுவி விடுங்கள். பிறகு துணியை விரித்துப் போட்டு மெல்ல இழுங்கள். நீரைத் துணியே குடித்துவிடும். மேலிருந்து கீழாகச் செல்லுங்கள். துணியை இருமுறை மடித்தால் பயன்படுத்த 8 முகங்கள் கிடைக்கும். ஒன்று அழுக்கானால் அடுத்ததற்குத் திருப்புங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும். துணி தரையில் விழுந்துவிட்டால், துவைக்கும் வரை அதைத் தொடாதீர்கள். தடித்த ஓரத் தையலும் ஒட்டிய சீட்டும்கூடக் கீறும்; சீட்டைப் பிரித்துவிடுங்கள்.

துணியைப் பேணுதல்

நுண்ணிழைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்; பருத்தித் துண்டோடு சேர்த்தால் உதிரும் பஞ்சு அதில் சிக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். ஏன்? உங்கள் மூன்றாவது பட்டையை நினைத்துப் பாருங்கள். அந்தத் திரவமும் இழைகளின் மேல் படலமாகப் படிந்து, நீரைத் தடுக்கும். வெளுக்கும் தூளும் சூடான இஸ்திரிப் பெட்டியும் கூடா; வெப்பத்தில் இழை நுனிகள் உருகிக் கடினமாகும். நிழலில், தூசி படாத கொடியில் உலர்த்துங்கள்.

எங்கள் வீட்டில் கார் இல்லையே என்கிறீர்களா? உங்கள் வகுப்பில் மூக்குக் கண்ணாடி அணிபவர் இருப்பார். அவர் அதைச் சட்டை நுனியால் உலர்ந்தபடியே துடைப்பதைக் கண்டால், முதலில் நீரில் கழுவச் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்.