தலைமாட்டில் ஒரு கடிகார வானொலி: எதைப் பார்த்து வாங்குவது?

குறித்த நேரத்தில் எழுப்பிவிட ஒரு டிஜிட்டல் கடிகாரம், செய்தி கேட்க ஒரு வானொலி, பாட்டுக் கேட்க ஒரு குறுந்தகடு இயக்கி ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய கருவியைப் பலர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டு வந்ததாக இருக்கலாம். பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

இப்படி ஒன்றை வாங்கச் சங்கரன்கோவிலில் ஒரு மாணவர் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் முதலில் பாட்டைப் போட்டுக் காட்டுவார். ஆனால் தேர்வு நாளன்று காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட வேண்டியது பாட்டு அன்று, கடிகாரம். எனவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இந்தக் கடிகாரம் தன் விநாடியை எங்கிருந்து பெறுகிறது?

இரண்டு வகைத் துடிப்பு

சுவர்க் கடிகாரமானாலும் டிஜிட்டல் கடிகாரமானாலும் அதன் வேலை ஒன்றுதான். ஒரே சீராக நிகழும் துடிப்புகளை அது எண்ணிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தில் ஓடும் கடிகார வானொலிகளில் இந்தத் துடிப்பு இரண்டு வழிகளில் கிடைக்கிறது.

முதல் வழி, வீட்டு மின்சாரமே. நம் வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். அது விநாடிக்கு 50 முறை ஒரு முழுச் சுற்றை முடிக்கிறது. இதனையே 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். கடிகாரத்திலுள்ள சில்லு 50 சுற்றுகளை எண்ணியதும் ஒரு விநாடி ஆயிற்று என்று கணக்கு வைக்கிறது. செலவு குறைவு என்பதால் பல கடிகார வானொலிகள் இம்முறையில் செய்யப்பட்டன.

இரண்டாவது வழி, குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரங்களில் இருப்பது இதுவே. இந்தப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். இரண்டை 15 முறை பெருக்கினால் வருவது இது. ஆகவே இதனைப் பாதி, அதில் பாதி என்று 15 முறை குறைத்தால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடும். பாதியாக்கும் மின்சுற்றை அமைப்பது மிக எளிது.

எது நல்லது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணக் குவார்ட்ஸ் படிகத்தின் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு என்று கொள்வோம். ஒரு நாளில் 86,400 விநாடிகள் உள்ளன. ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி பிசகும். மாதத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மின்சாரத்தை எண்ணும் கடிகாரத்தின் நிலை வேறு. மின்சாரத் தேவை உற்பத்தியை விஞ்சும்போது, மின் நிலையங்களில் சுழலும் இயந்திரங்கள் ஏற்றத்தில் பாரம் இழுக்கும் மாடுகளைப்போல் சற்றுத் தளர்கின்றன. அதிர்வெண் குறைகிறது. அது 49.5 ஆகக் குறைந்து ஒரு நாள் முழுவதும் அப்படியே நின்றால், கடிகாரம் நூற்றில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அதாவது ஒரே நாளில் 14 நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2018-ஆம் ஆண்டு செர்பியா, கொசோவோ பகுதியில் ஏற்பட்ட மின் பற்றாக்குறை ஈடு செய்யப்படாமல் போயிற்று. அதனால் ஒரே மின்தொகுப்பில் இணைந்திருந்த 25 ஐரோப்பிய நாடுகளில், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள், இவ்வகைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 6 நிமிடம் பின்தங்கின. அப்போது சராசரி அதிர்வெண் 49.996 ஹெர்ட்ஸ். அத்தனை சிறிய குறைவும் நாள்தோறும் சேர்ந்து நிமிடக் கணக்காகிவிட்டது.

வெளிநாட்டுப் பெட்டி

இன்னொரு கண்ணியும் உண்டு. அமெரிக்காவிலும் சவூதி அரேபியாவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். துபாய், குவைத், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நம்மைப்போல் 50 ஹெர்ட்ஸ். ஆகவே துபாயிலிருந்து வந்த பெட்டி ஒழுங்காக ஓட, ரியாத்திலிருந்து வந்த பெட்டி ஓடாமல் போகலாம்.

60 சுற்றுகளை ஒரு விநாடியாக எண்ணும் கடிகாரத்தை இங்கே மாட்டினால் என்ன ஆகும்? 60 சுற்றுகள் முடிய நம் ஊரில் 1.2 விநாடி ஆகும். இரவு 10 மணிக்கு நேரத்தைச் சரியாக வைத்து, காலை 6 மணிக்கு எழுப்பும்படி அமைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். கடிகாரத்தின் கணக்கில் 8 மணி நேரம் ஆகும்போது, உண்மையில் 9 மணி 36 நிமிடம் ஆகியிருக்கும். அது எழுப்பும்போது காலை மணி 7.36!

மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வாங்கி மாட்டினால் இது சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுவர். மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 110 வோல்ட் கருவியை நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டுவது ஆபத்து. அதற்கு மின்மாற்றி தேவைதான். ஆனால் கடிகாரம் மெதுவாகவே ஓடும். சில பெட்டிகளின் அடியில் 50/60 என்று ஒரு சிறு மாற்றுக் குமிழ் இருக்கும். வாங்கும் முன் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

மின்சாரம் போனால்?

இரவில் ஒரு நிமிடம் மின்சாரம் போய்த் திரும்பினாலும் சில கடிகாரங்கள் 12.00 என்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அன்று காலை உங்களை எழுப்ப யாரும் இல்லை.

இதற்காகப் பெட்டியின் அடியில் ஒரு மாற்று மின்கலம் பொருத்த இடம் இருக்கும். மின்கலம் இருப்பது மட்டும் போதாது. மின்சாரத்தை எண்ணும் கடிகாரத்துக்கு, மின்சாரம் போனதும் எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. எனவே சில்லுக்குள் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த சிறு அலையியற்றி அப்போது துடிப்பைத் தருகிறது. அது தோராயமானது. அதில் நூற்றுக்கு 5 பிழை இருந்தால், ஒரு மணி நேர மின்வெட்டில் 3 நிமிடம் தவறும். குவார்ட்ஸ் கடிகாரத்திலோ மின்கலத்தில் ஓடும்போதும் அதே படிகமே துடிக்கிறது.

சிறிய மின்கலத்தால் குறுந்தகட்டைச் சுழற்றும் மோட்டாரை ஓட்ட முடியாது. ஆகவே மின்வெட்டின்போது மணியாவது அடிக்குமா என்று கடையிலேயே சோதியுங்கள். மின்கலத்தைப் போட்டு, எழுப்பும் நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளி வைத்து, செருகியைப் பிடுங்கிவிடுங்கள். விடை தானே கிடைக்கும்.

வானொலிப் பகுதி

1963-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி வானொலி நிலையம் மத்திய அலையில் பல்லாண்டுகளாக ஒலிபரப்பி வந்த அதிர்வெண் 1197 கிலோஹெர்ட்ஸ். இது 9-ஆல் மீதியின்றி வகுபடும் எண். இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. அமெரிக்காவில் இடைவெளி 10. அமெரிக்க டிஜிட்டல் வானொலி 1190-லிருந்து நேரே 1200-க்குத் தாவிவிடும், 1197-இல் நிற்காது. இடைவெளியை மாற்றும் வசதி உண்டா என்று பாருங்கள்.

பண்பலையில் வேறு கணக்கு. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். ஜப்பானுக்கென்று செய்த பழைய பெட்டிகள் 76 முதல் 90 வரையே பிடிக்கும். அவற்றில் கொடைக்கானல் கிடைக்காது. நல்ல பெட்டியில் சங்கரன்கோவிலில் கிடைக்குமா? பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. 2,100 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். கொடைக்கானலிலிருந்து சங்கரன்கோவில் நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஆகவே இடையில் மலை மறைக்காத இடத்தில் அலை வந்து சேரும். பெட்டியின் பின்னால் தொங்கும் கம்பியை நீட்டி வைக்க வேண்டும். மத்திய அலைக்கு உணர்கம்பி பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பெட்டியையே மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஒளியும் தகடும்

எண்கள் எந்த நிறத்தில் ஒளிர்கின்றன என்பதும் முக்கியம். நம் கண்ணில் பகல் இரவை உணரும் தனி உயிரணுக்கள் உண்டு. அவை நீல ஒளிக்கே மிகுதியாக விழிக்கின்றன. இரவில் நீல ஒளி பட்டால் உறக்கத்துக்குத் துணை செய்யும் மெலடோனின் சுரப்பது குறைகிறது. தலைமாட்டுக்குச் சிவப்பு எண்களும், ஒளியைக் குறைக்கும் வசதியும் ஏற்றவை.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு ஓர் அருமையான பொருள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 1.6 பங்கு இடைவெளியுள்ள தடங்களை லேசர் ஒளி படிக்கிறது. விநாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவை எடுத்துத் தருகிறது. ஆனால் அத்தனை நுட்பமான கண்ணுக்குத் தூசி ஆகாது. விசைத்தறிகள் நிறைந்த ஊரில் பஞ்சுத் துகளுக்குப் பஞ்சமில்லை. மூடி இறுகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தகட்டைப் படிக்க முடியாமல் போனால் பெட்டி பேசாமல் இருந்துவிடுமா, மணியடித்தாவது எழுப்புமா என்பதையும் கேளுங்கள்.

ஆகவே, வாங்கும்போது பார்க்க வேண்டிய வரிசை இது: 1. கடிகாரத்தின் துடிப்பு. 2. மின்வெட்டில் அதன் நடத்தை. 3. வானொலியின் அலை எல்லையும் இடைவெளியும். 4. எண்களின் ஒளி. 5. குறுந்தகடு இயக்கி. கடையில் இது பெரும்பாலும் தலைகீழாகவே சொல்லப்படும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் டிஜிட்டல் கடிகாரம் இருந்தால், அது எவ்வகை என்று கண்டுபிடிக்கலாம். செல்பேசி நேரத்துடன் ஒப்பிட்டு, நிமிட எண் மாறும் கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து மீண்டும் குறியுங்கள். இடையில் மின்சாரம் போயிருந்தால் மறுபடியும் தொடங்குங்கள்.

வேறுபாடு ஓரிரு விநாடியானால் அது குவார்ட்ஸ். பல விநாடிகளோ நிமிடங்களோ ஆகி, நாளுக்கு நாள் மாறினால் மின்சாரத்தை எண்ணுவது. அது 2 நிமிடம் பின்தங்கியது என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 1438-ஆல் பெருக்கி 1440-ஆல் வகுத்தால் 49.93 கிடைக்கும். அன்றைய சராசரி மின் அதிர்வெண் அதுவே!

2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதித் தொகுப்புடன் இணைக்கப்பட்டது. ஆகவே சங்கரன்கோவிலில் நீங்கள் கண்ட அந்த எண்ணைத்தான் அதே நாளில் டெல்லியில் ஒரு மாணவரும் காண்பார். ஒரு வாரம் தொடர்ந்து அளந்து வரைபடம் வரையுங்கள். எந்த நாளில் அதிர்வெண் குறைந்தது? ஏன் என்று உங்களால் ஊகிக்க முடிகிறதா?