மெலிந்த உடம்பிலும் சீனி வருத்தம் ஏன்?



"எனக்கென்ன வண்டியா தொந்தியா? எனக்கேன் சீனி வருத்தம் வரப்போகுது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். வயலில் உழைத்தவருக்கு நீரிழிவு வராது என்பது நெடுநாளைய நம்பிக்கை. இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் நீரிழிவு காணப்பட்டது. போர் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. 2018, 2019 இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில் இது ஐந்து பேருக்கு ஒருவர் என்பதற்கும் மேலே போயிருந்தது. இவர்கள் எல்லோரும் பருத்தவர்கள் அல்லர். மெலிந்தவருக்கும் இந்த வருத்தம் வருவது ஏன் என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

இரண்டு வகைக் கொழுப்பு

நம் உடம்பில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு. ஒன்று வெள்ளைக் கொழுப்பு. இது பட்டறையில் கட்டி வைத்த நெல்லைப் போன்றது. மிஞ்சிய உணவு இவ்வடிவில் சேமிக்கப்படுகிறது.

மற்றது பழுப்புக் கொழுப்பு. இது அடுப்பைப் போன்றது. இதன் கலங்களில் இழைமணிகள் நிறைய உள்ளன. அவற்றிலுள்ள இரும்புச் சத்தே பழுப்பு நிறத்தைக் கொடுக்கிறது. இக்கொழுப்பு சீனியையும் கொழுப்பையும் எரித்து உடம்புக்குச் சூடு தருகிறது. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. முதுகிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பே அதைக் காக்கிறது.

படம் எடுத்துக் கண்ட உண்மை

வளர்ந்தவர்களிடம் பழுப்புக் கொழுப்பு வேலை செய்வதில்லை என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். புற்றுநோயைக் கண்டுபிடிக்க எடுக்கப்படும் 'பெற் ஸ்கேன்' என்னும் படம் இந்த எண்ணத்தை மாற்றியது. மிகச் சிறிதளவு கதிரியக்கம் சேர்த்த குளுக்கோசை ஊசி மூலம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். உடம்பில் எந்த இடம் சீனியை அதிகம் இழுக்கிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். 2016 இல் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இக்கருவியை வாங்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது பலருக்கு நினைவிருக்கும்.

சிலருடைய படங்களில் கழுத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி ஒளிர்ந்தது. அது புற்றுநோய் அல்ல, பழுப்புக் கொழுப்பு என்று பின்னர் தெளிவாயிற்று. 2009 இல் அமெரிக்கா, நெதர்லாந்து, பின்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வுகள் இதை உறுதி செய்தன. நெதர்லாந்தில் 24 ஆண்களை 16 பாகை செல்சியசு குளிரில் இருத்திப் படம் எடுத்தபோது 23 பேரிடம் அது வேலை செய்தது. பருத்தவர்களிடம் குறைவாக வேலை செய்தது.

2021 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 52,000 க்கும் மேற்பட்ட நோயாளரின் படங்கள் பார்க்கப்பட்டன. பழுப்புக் கொழுப்புத் தெரிந்தவர்களிடையே நீரிழிவு, தெரியாதவர்களிடையே இருந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. பழுப்புக் கொழுப்புத்தான் நீரிழிவைத் தடுத்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பு இருப்பது தெரிகிறது.

தென்னாசியருக்கு என்ன வேறுபாடு?

2014 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், சுகமாயிருந்த 24 இளைஞர்களை ஒப்பிட்டார்கள். பன்னிரண்டு பேர் ஐரோப்பியர். பன்னிரண்டு பேர் நம்மைப் போன்ற தென்னாசிய வம்சத்தவர். குளிரில் வைத்து எடுத்த படங்களில், தென்னாசியரின் பழுப்புக் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இது சிறிய ஆய்வு, இறுதி முடிவல்ல. நம்மவருக்கு நீரிழிவு எளிதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெள்ளைக் கொழுப்பிலும் வேறுபாடு உண்டு. இந்தியாவின் புனே நகர வைத்தியர் யாஜ்னிக், இங்கிலாந்தின் வைத்தியர் யுட்கின் என்னும் இரு நண்பர்கள் 2004 இல் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கில் இருவரும் சமம், இருவருக்கும் 22.3. உடம்பின் கொழுப்பைக் கதிர்ப்படம் மூலம் அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். வெளித்தோற்றத்தில் மெலிவு, உள்ளே கொழுப்பு!

வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பே அதிகம் தீங்கானது. இது தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது என்றும் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நிறை குறைந்தபோதும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தசைதான் குறைந்திருந்தது.

இடம்பெயர்ந்த நமக்கு இதில் என்ன?

2006, 2007 காலத்தில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். அதற்கு முன்னும் எத்தனையோ இடப்பெயர்வுகள். வயலை விட்டு வந்தபோது உழைப்பு நின்றது. நம் தசைகளே இரத்தத்திலுள்ள சீனியை அதிகம் இழுத்துச் செலவழிப்பவை. நடவும் அறுவடையும் இல்லாத உடம்பில் அந்தச் செலவு குறைகிறது. நிவாரணத்தில் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். கீரையும் மீனும் குறைந்தன. கர்ப்பிணித் தாய்மார் அரைவயிற்றோடு இருந்தார்கள். ஊர் திரும்பிய பின்னரும் வெட்டு மெசினும் உழவு இயந்திரமும் வேலையைக் குறைத்துவிட்டன. மா ரொட்டியும் சீனித் தேநீரும் பழக்கமாகிவிட்டன. ஆகவே நாம் மற்றவர்களை விட விழிப்பாயிருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. இடுப்பை அளப்போம். பெற் ஸ்கேன் நமக்குத் தேவையில்லை. தையற்காரரின் நாடா போதும். நேராக நின்று, மூச்சை வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே அளக்கவும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் (35½ அங்குலம்) பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் (31½ அங்குலம்) எல்லை.

2. இரத்தத்தைச் சோதிப்போம். 35 வயதைக் கடந்தவர்கள், மெலிந்தவராயினும், அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் சோதிக்கலாம். எட்டு மணித்தியாலம் உண்ணாமல் போகவேண்டும், தண்ணீர் குடிக்கலாம். 100 க்குக் கீழ் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் மறுபடி சோதித்து உறுதி செய்யவேண்டும்.

3. சீனியைக் குறைப்போம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 75 கிராம். மாதத்துக்கு இரண்டேகால் கிலோ! காசும் மிச்சமாகும்.

4. கோப்பையை மாற்றுவோம். அரைவாசி கீரையும் மரக்கறியும், கால்வாசி சிவப்பரிசிச் சோறு, கால்வாசி வாவி மீனோ பயறோ கௌபியோ. குரக்கனையும் சோளனையும் மறக்க வேண்டாம்.

5. உடம்பை அசைப்போம். வயல்வேலை இல்லாத நாட்களில் அரை மணிநேரம் வேகமாக நடப்போம். வீட்டுத்தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பதும் நல்ல உழைப்பு.

6. கர்ப்பிணிகளைக் கவனிப்போம். வீட்டில் மீனும் முட்டையும் முதலில் அவர்களுக்கே. பிறக்கும் பிள்ளையின் பிற்காலச் சுகம் அதில் தங்கியிருக்கிறது.

பழுப்புக் கொழுப்பைக் கூட்டும் குளிசை, தூள் என்று விற்பவர்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். வைத்தியர் தந்த மருந்தை அவற்றுக்காக நிறுத்தவும் வேண்டாம்.

கலந்துரையாடுவோம்

மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ இக்கேள்விகளைப் பேசுங்கள்.

- இடம்பெயர்வதற்கு முன் நம் வீட்டில் ஒரு நாளைக்கு என்ன உண்டோம்? இப்போது என்ன உண்கிறோம்?
- நம் கிராமத்தில் மெலிந்தவர்களுக்கு நீரிழிவு வந்ததுண்டா? எப்போது தெரியவந்தது?
- அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாடா கொண்டுவந்து எல்லோரும் அளந்து பார்ப்போமா? சோதனைக்குப் போக வழியில்லாத முதியோரை யார் கூட்டிப்போவது?