கலா ஓயாவில் ட்ரவுட்

கேள்வி: வெளிநாட்டு ஆறுகளில் பூச்சிகள் எழும் நேரம் பார்த்து ட்ரவுட் பிடிக்கிறார்களே, எங்கள் கலா ஓயாவில் முடியுமா? (வாசகர், கற்பிட்டி)

பதில்: ட்ரவுட் கிடைக்காது. அதற்குக் குளிர்ந்த ஓடுநீர் வேண்டும்; வெப்பம் 20 பாகையைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். இலங்கையில் அதன் இடம் நுவரெலியாப் பக்கத்து மலையோடைகள்தான். 1880களில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட மீன் அது.

ஆனால் அந்த வித்தை அருமையானது. ஆற்றடிக் கற்களில் மாதக்கணக்காகப் புழுவாய்க் கிடந்த பூச்சிகள் ஒரு மாலையில் கூட்டமாக மேலே வந்து, நீர்மட்டத்தில் தோலுரித்துச் சிறகு விரிக்கும். பறக்குமுன் தண்ணீரில் தங்கும் அந்தச் சில நொடிகளில்தான் மீன் கவ்வும். இறகும் நூலும் முள்ளில் சுற்றிய போலிப் பூச்சியை மீனுக்குச் சற்று மேலே விழுத்தி, ஓட்டத்தோடு மிதக்கவிடுவார்கள். நிறத்தைவிடப் பருமன் பொருந்துவதே முக்கியம். நூல் இழுபட்டுப் பூச்சி நீரில் கோடு கிழித்தால் மீன் திரும்பியும் பாராது.

உங்களுக்குக் கொடுவா இருக்கிறது. கலா ஓயா புத்தளம் களப்பில் கலக்கும் கங்கேவாடிப் பக்கம் பாருங்கள். கொடுவா தேடுவது இறாலையும் சிறுமீனையும். ஆகவே வெள்ளை இறகில் சிறுமீன் போலி கட்டுங்கள். வற்றுநீர் இறங்கும்போது கண்டல் வேர்களோரம் எறிந்து, விட்டுவிட்டு இழுங்கள். குஞ்சுகள் பட்டால் திரும்ப விட்டுவிடுங்கள்.